கரண்ட் இல்லாமல் மைனஸ் 196-ஐக் காப்பது எப்படி?

இறந்த உடலை உறைய வைத்துக் காக்கும் கிரையோனிக்ஸ் பலிக்குமா என்பது வேறு கதை. குளிரைக் காக்கும் வேலையை மட்டும் பார்ப்போம். அங்கே பெரிய ஃப்ரிட்ஜ் ஏதோ ஓடுகிறது என்று நினைத்தால் தவறு. கம்ப்ரசரும் இல்லை, பிளக்கும் இல்லை. நம் ஊரில் மாட்டுக்குச் சினை ஊசி போட வருபவரிடம் இருக்கும் நைட்ரஜன் கேன்தான், ஆளுயரத்துக்கு மேல் பெரிதாக.

சைபீரிய உறைமண்ணில் புதைத்தால் செலவே இல்லையே என்று சிலர் கேட்பார்கள். அங்கே குளிர் மைனஸ் 10-ஐ ஒட்டித்தான், திசு மெல்லக் கெடும். உலர்பனி, அதாவது உறைந்த கார்பன் டை ஆக்சைடு, மைனஸ் 78, வழியில் கொண்டுபோக மட்டும் சரி. ஆண்டுக்கணக்கில் வைக்க மைனஸ் 196 டிகிரியில் கொதிக்கும் திரவ நைட்ரஜன்தான்.

இரட்டைச் சுவர் எஃகுத் தொட்டி வாங்குங்கள், நடுவில் வெற்றிடம் இருக்க வேண்டும். உள்ளே எவ்வளவு வெப்பம் கசிகிறது என்பதுதான் எல்லாம்: 1 வாட் கசிந்தால் நாளுக்குச் சுமார் அரை லிட்டர் நைட்ரஜன் ஆவியாகும், அப்படியென்றால் 10 வாட் கசியும் 1,000 லிட்டர் தொட்டி ஆறு மாதம் தாக்குப்பிடிக்கும். சின்னத் தொட்டி நாலைந்து வாங்குவதைவிடப் பெரிதாக ஒன்று வாங்குங்கள், நீளம், அகலம், உயரம் மூன்றும் இரட்டித்தால் வெப்பம் கசியும் பரப்பு நாலு மடங்குதான், கொள்ளளவோ எட்டு மடங்கு. அரிசோனாவின் ஆல்கர் நிறுவனத்தில் ஒரே தொட்டியில் நாலு பேர், எல்லாரும் தலைகீழாக. நைட்ரஜன் குறைந்தால் முதலில் கால்தானே வெளியே தெரியும், மூளை கடைசிவரை நனைந்திருக்கும். யோசித்தவர் கெட்டிக்காரர்.

மூடியை இறுக்கி அடைக்காதீர்கள், வெடிக்கும். ஒரு லிட்டர் திரவம் 700 லிட்டர் வாயுவாக விரியும், அதனால் அறையில் காற்றோட்டமும் ஆக்ஸிஜன் அலாரமும் கட்டாயம், மூச்சுத்திணறல்கூடத் தெரியாமல் ஆள் சாய்ந்துவிடுவார். அளவு பார்க்க மரக்குச்சியை விட்டு எடுத்து காற்றில் ஆட்டுங்கள், பனி படியும் கோடுதான் மட்டம். குச்சிக்குப் பதிலாகக் குழாயை மட்டும் உள்ளே நுழைக்காதீர்கள், அதன் வழியே திரவம் பீறிட்டு முகத்தில் அடிக்கும். தொட்டியின் வெளிச்சுவரில் பனி பூத்தால் வெற்றிடம் போய்விட்டது, உடனே வேறு தொட்டிக்கு மாற்றுங்கள்.

அப்புறம், ஊற்றுவதற்கு ஆளும் பணமும். 1967-இல் உறைய வைத்த ஜேம்ஸ் பெட்ஃபோர்டின் உடல் இன்றும் ஆல்கரில் உறைந்தே இருக்கிறது. 1970-களில் கலிஃபோர்னியாவின் சாட்ஸ்வொர்த் கல்லறை நிலவறையில் வைத்தவர்களுக்கோ பணம் தீர்ந்தது, நைட்ரஜன் தீர்ந்தது, உடல்கள் உருகிப்போயின. தொட்டி வாங்கும் முன்பே, வட்டியில் மட்டும் நைட்ரஜன் வாங்குமளவு ஒரு தொகையைத் தனிக்கணக்கில் போட்டுவிடுங்கள்.