பள்ளிக்கு ஏஐ சாட்பாட்: முதலில் யாரிடம், எதைக் கேட்டுக் காட்டுவது?

மணப்பாறை பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழ் எடுக்கிறேன். கேட்ட கேள்விக்கு எழுத்தில் பதில் சொல்லும் எந்திரமான சாட்பாட் பற்றி ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்கும் வேலையை எச்.எம். மேடம் கணினி டீச்சரிடம் தராமல் என்னிடம் தந்தார். "அவங்க பேசினா இது கம்ப்யூட்டர் சமாச்சாரம்னு பாதிப் பேர் காதை மூடிக்குவாங்க. நீங்க பேசுங்க டீச்சர்" என்றார். அந்தக் கணக்கு சரியாகத்தான் இருந்தது. உங்கள் பள்ளியிலும் இதைச் செய்யப்போகிறீர்கள் என்றால், கணினி தெரிந்தவரைத் தேடி அலைய வேண்டாம். நாலு பேர் நம்பிக் கேட்கிற ஓர் ஆசிரியர் போதும். கணினி டீச்சர் பக்கத்தில் இருந்து வயர்களைப் பார்த்துக்கொள்ளட்டும்.

நான் கடைப்பிடிக்கிற விதி ஒன்றுதான்: எந்தக் கூட்டத்துக்குக் காட்டினாலும், அந்தக் கூட்டத்துக்கு நன்றாகத் தெரிந்த விஷயத்தைக் கேட்டுக் காட்டுங்கள். யாருக்கும் தெரியாத ஒன்றைக் கேட்டால், சாட்பாட் சரளமாக அடித்துவிடும், எல்லோரும் வாயைப் பிளப்பார்கள், அத்தோடு முடிந்தது. தெரிந்ததைக் கேட்டால்தான் எங்கே சரி, எங்கே கோணல் என்று அவர்களே பிடிப்பார்கள்.

வரிசை: ஆசிரியர்கள், அப்புறம் பெற்றோர், கடைசியில் மாணவர்கள். "பிள்ளைங்களுக்குத்தானே இது, அவங்ககிட்ட ஆரம்பிக்கலாமே" என்று எங்கள் ஸ்டாஃப் ரூமிலேயே கேட்டார்கள். பிள்ளைகள் ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டார்கள். 2024 ஜூனில் இந்தியாவில் வாட்ஸ்அப்புக்குள்ளேயே மெட்டா ஏஐ என்ற சாட்பாட் வந்துவிட்டது. அம்மாவின் போனில் அந்த நீல வளையத்தை முதலில் தட்டிப் பார்த்தது பிள்ளைதான். அதனால் "நம்ம பள்ளிக்கு வேண்டாம்" என்று தீர்மானம் போடுவதில் பயனில்லை. நியூயார்க் நகரப் பள்ளிகள் 2023 ஜனவரியில் சாட்ஜிபிடி என்ற சாட்பாட்டுக்குத் தடை போட்டு, அதே ஆண்டு மே மாதம் விலக்கிக்கொண்டன. அவ்வளவு பெரிய ஊரிலேயே கதை அப்படித்தான் போனது.

கூட்டத்துக்கு முன்னால்

ஹைடெக் லேபில் எத்தனை கணினி இருந்தாலும் ஒரே ஒரு கணினி, ஒரு ப்ரொஜெக்டர், ஓர் ஆசிரியரின் கணக்கு மட்டும் போதும். மாணவர் பெயரில் கணக்குத் திறக்க வேண்டாம். சாட்ஜிபிடி நிறுவனத்தின் விதிப்படி 13 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் அதைப் பயன்படுத்தக் கூடாது. 18 வயது வரை பெற்றோர் அனுமதி வேண்டும். யுனெஸ்கோ 2023 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலும் 13 வயதைத்தான் கீழ் எல்லையாகச் சொல்கிறது. நம் நாட்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, 18 வயது நிரம்பாத எல்லோரையும் குழந்தை என்றே கணக்கில் எடுக்கிறது. எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை திரையில் பார்ப்பதோடு சரி. ஒன்பதுக்கு மேல், ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது கேள்வி தட்டச்சு செய்யலாம்.

கணக்கின் அமைப்புகளுக்குள் போனால், நம் உரையாடல்களைச் சாட்பாட்டின் அடுத்த பயிற்சிக்கு எடுத்துக்கொள்ள அனுமதிக்கும் பொத்தான் இருக்கும். அதை அணைத்துவிடுங்கள். காட்டப்போகும் கேள்விகளை முந்தைய நாளே கேட்டு, பதில்களைப் படம் பிடித்து வையுங்கள். கரண்ட் போகும், நெட் படுத்துவிடும், இலவசக் கணக்கில் பாதியில் "இன்றைய அளவு முடிந்தது" என்று வரும். இன்னொன்றும் உண்டு: நேற்றுத் தப்பாகச் சொன்னதை இன்று சரியாகச் சொல்லி நம் மானத்தை வாங்கிவிடும்.

ஆசிரியர்களுக்கு

ஒரு மணி நேரம் போதும். "செயற்கை நுண்ணறிவின் வரலாறு" என்றெல்லாம் ஸ்லைடு போடாதீர்கள்; யாரும் கேட்க மாட்டார்கள். நேராக அவரவர் பாடத்துக்கு வாருங்கள்.

நான் பொறையுடைமையில் ஆரம்பித்தேன். "பொறுமையைப் பற்றி ஐந்து திருக்குறள், குறள் எண்ணுடன் தருக" என்று கேட்டுவிட்டு, வரும் பதிலைத் தமிழாசிரியர்கள் திருத்த வேண்டும். திருத்துவது எளிது. பொறையுடைமை 16ஆம் அதிகாரம், எனவே எண் 151க்கும் 160க்கும் இடையில் இருந்தாக வேண்டும். முதல் அடியில் நான்கு சீர், இரண்டாம் அடியில் மூன்று. ஒரு குறளின் தலையில் இன்னொன்றின் வாலை ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். சில நேரம் வள்ளுவர் எழுதாத குறளையே வள்ளுவர் பெயரில் தரும், பொருளுரையோடு. இணையத்தில் தேடிப் பார்த்துப் பதில் சொல்லும் வசதி இயங்கினால் எல்லாம் சரியாக வரவும் கூடும். படம் பிடித்து வைக்கச் சொன்னது அதற்கும்தான்.

அறிவியல் ஆசிரியரிடம், நம் மாநிலப் பாடநூலின் ஓர் அலகைச் சொல்லி அதிலிருந்து பத்து ஒரு மதிப்பெண் வினாக்களும் விடைக்குறிப்பும் கேட்கச் சொல்லுங்கள். புத்தகத்தை மேசையில் திறந்து வைத்திருக்க வேண்டும். வினாக்கள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ஆனால் நம் புத்தகத்தில் இல்லாதது உள்ளே நுழைந்திருக்கும், விடைக்குறிப்பில் ஒன்றிரண்டு வழுக்கியிருக்கும். பாட அலகின் பக்கங்களையே உள்ளே ஏற்றி "இதற்குள் இருந்து மட்டும் கேள்" என்று சொன்னால் எவ்வளவு மாறுகிறது என்பதை அடுத்ததாகக் காட்டுங்கள். அந்த இரண்டு பதில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு எங்கள் இயற்பியல் சாரை லேபைவிட்டு வெளியே அனுப்புவதுதான் கஷ்டமாக இருந்தது.

இங்கே எழும் கேள்வி எல்லாப் பள்ளியிலும் ஒன்றுதான்: "பையன் இதுல எழுதினானா, தானா எழுதினானான்னு கண்டுபிடிக்க ஏதாவது இருக்கா?" நம்பும்படி எதுவும் இல்லை. சாட்ஜிபிடியைச் செய்த ஓபன்ஏஐ நிறுவனமே அப்படி ஒரு கண்டறியும் கருவியை 2023 ஜனவரியில் வெளியிட்டது. அந்நிறுவனத்தின் சொந்தச் சோதனையில், எந்திரம் எழுதியதில் 26 விழுக்காட்டை மட்டுமே அது பிடித்தது. மனிதர் எழுதியதில் 9 விழுக்காட்டை எந்திரம் எழுதியது என்று தவறாகச் சொன்னது. துல்லியம் போதாது என்று ஜூலையில் எடுத்துவிட்டார்கள். ஆகவே அப்படிப்பட்ட கருவியை நம்பி எந்தப் பிள்ளையையும் எழுப்பி நிற்க வைக்காதீர்கள். சந்தேகம் வந்தால் கட்டுரையைக் கையில் கொடுத்து, "இந்தப் பத்தியில் என்ன சொல்ல வந்தாய்?" என்று இரண்டு நிமிடம் பேச்சுக் கொடுங்கள். தானே எழுதியவள் பேசிக்கொண்டே போவாள்.

கூட்டம் கலைவதற்கு முன் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள். மதிப்பெண் பட்டியல், பிள்ளையின் எமிஸ் பதிவு எண், ஆதார், சாதிச் சான்று, பிள்ளையின் உடல்நலம், வீட்டு நிலவரம் இவற்றில் எதுவும் சாட்பாட்டுக்குள் போகக் கூடாது. "ரிப்போர்ட் கார்டுக்கு நாலு வரி எழுதித் தா" என்று கேட்கலாம், பெயரும் எண்ணும் இல்லாமல்.

பெற்றோருக்கு

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தோடு சேர்த்து வைத்தால் ஆள் சேரும். சாயங்காலம் வையுங்கள், சந்தை நாளில் வைக்காதீர்கள். எங்கள் பக்கம் புதன்கிழமை ஒரு கூட்டமும் உருப்படாது.

எந்திரம் எப்படிப் பதில் சொல்கிறது என்பதை விளக்க ஸ்லைடு வேண்டாம், ஒரு விளையாட்டுப் போதும். கரும்பலகையில் "அடி மேல் அடி வைத்தால்" என்று எழுதி நிறுத்துங்கள். கூட்டம் முழுக்க "அம்மியும் நகரும்" என்று சொல்லும். அடுத்து, "நேற்று ராத்திரி எங்கள் வீட்டில்" என்று எழுதி நிறுத்துங்கள். ஆளுக்கு ஒன்று சொல்வார்கள், எல்லாமே பொருத்தமாகத்தான் இருக்கும், ஆனால் உங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று அவர்கள் யாருக்கும் தெரியாது. சாட்பாட்டும் ஏராளமான எழுத்தைப் படித்து வைத்துக்கொண்டு அடுத்து எந்தச் சொல் வரும் என்று கணித்துக் கணித்தே எழுதுகிறது. ஊர் அறிந்த விஷயத்தில் பெரும்பாலும் சரியாக வரும். குறைவாக எழுதப்பட்ட விஷயத்தில் பொருத்தமான பொய்யாக வரும். இதற்கு மேல் விளக்கினால் குழப்பம்தான்.

பிறகு மைக்கை அவர்களிடம் கொடுங்கள். எங்கள் கூட்டத்தில் முறுக்கு போடும் அக்கா ஒருவர் இருந்தார். மணப்பாறை முறுக்குக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது என்பதெல்லாம் சாட்பாட் சொல்லிவிட்டது. மாவு அளவும் சொன்னது. அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "இந்தப் பக்குவத்துல போட்டா நமத்துப் போயிடும். தண்ணியப் பத்தி ஒரு வார்த்தை இல்லையே?" என்றார். எங்கள் ஊர் முறுக்கின் ருசிக்குத் தண்ணீர்தான் காரணம் என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள். ஆடு வளர்ப்பவர் குடற்புழு மருந்தைப் பற்றிக் கேட்டார். பொதுவான விஷயங்கள் சரி என்றார். அளவை மட்டும் கால்நடை டாக்டரிடம் கேட்டுக்கொள்கிறேன் என்றார். நான் அரை மணி நேரம் பேசியிருந்தாலும் இதைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

படித்தவர்களும் ஏமாறுகிறார்கள் என்பதற்கு ஓர் உதாரணம் வைத்துக்கொள்ளுங்கள். நியூயார்க்கில் வழக்கறிஞர்கள் இருவர், சாட்ஜிபிடி சொன்ன பழைய தீர்ப்புகளைச் சரிபார்க்காமல் மனுவில் சேர்த்தார்கள். அப்படிப்பட்ட தீர்ப்புகளே இல்லை. 2023 ஜூனில் நீதிபதி 5,000 டாலர் அபராதம் விதித்தார். வக்கீல் கதை என்றால் கூட்டம் நிமிர்ந்து உட்காரும்.

பெற்றோரிடம் கேட்டுக்கொள்ள வேண்டியது இரண்டே விஷயம். ராத்திரி பிள்ளை போனில் கேள்வி கேட்கும்போது "என்ன சொல்லுது, எனக்கும் படிச்சுக் காட்டு" என்று கேட்பது ஒன்று. அடுத்தது கொஞ்சம் மென்மையாகச் சொல்ல வேண்டியது. மனக்கஷ்டத்தை ஆளிடம் சொல்லாமல் எந்திரத்திடம் கொட்டும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அது எந்நேரமும் இதமாகவே பேசும், ஆனால் வீட்டுக் கதவைத் தட்டி வந்து பார்க்காது. 1098 குழந்தைகள் உதவி எண்ணையும், பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணையும் அன்றைக்கே எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

மாணவர்களுக்கு

ஒரு பாடவேளையில் ஒரு வேலை மட்டும். சொந்த ஊரைப் பற்றிக் கேட்பதுதான் முதல் பாடம். "எங்கள் ஊரின் வரலாற்றைப் பத்து வரியில் எழுது" என்று கேட்டு, பதிலை அச்செடுத்துக் குழுவுக்கு ஒன்றாகக் கொடுங்கள். உறுதியாகத் தெரிந்த சரிக்குப் பச்சை, உறுதியான தப்புக்குச் சிவப்பு, தெரியாததற்குப் பென்சில் கோடு. பென்சில் கோடு போட்ட வரிகள்தான் வீட்டுப்பாடம்: தாத்தாவிடமோ வி.ஏ.ஓ. ஆபீஸிலோ நூலகத்திலோ விசாரித்து வர வேண்டும். இல்லாத கோட்டையும் இல்லாத ராஜாவும் ஊருக்குள் வந்துவிட்டால் பிள்ளைகளுக்கு ஏகக் கொண்டாட்டம். எங்கள் ஒன்பதாம் வகுப்பில் ஒரு குழு அந்த ராஜாவுக்குப் பட்டமே சூட்டியது.

எந்திரம் தரும் தமிழ் பெரும்பாலும் விறைப்பாக, ஆங்கிலத்தை அப்படியே திருப்பிப் போட்டது போல் இருக்கும். இதை நான் குறையாகப் பார்ப்பதில்லை, பாடமாக்கிவிட்டேன். ஒரு பத்தியைக் கரும்பலகையில் எழுதி, "உன் பாட்டிக்குப் புரிகிற மாதிரி மாற்று" என்பேன். உரைநடைப் பயிற்சிக்கு இதைவிட நல்ல பயிற்சி வினா என்னிடம் இல்லை.

சாட்பாட்டால் எங்கள் பிள்ளைகளுக்கு உண்மையில் கிடைக்கும் பெரிய லாபம் என் பாடத்தில் இல்லை, ஆங்கிலத்தில் இருக்கிறது. தமிழ்வழியில் படிக்கும் பெண் பிள்ளைகள் வகுப்பில் ஆங்கிலம் பேச வெட்கப்படுவார்கள். யாராவது சிரித்துவிடுவார்கள் என்ற பயம். எந்திரம் சிரிக்காது. "நான் பஸ் டிக்கெட் வாங்குகிறேன், நீ கண்டக்டர். எளிய ஆங்கிலத்தில் பேசு. என் தப்பைக் கடைசியில் தமிழில் சொல்" என்று கேட்கச் சொல்லிக்கொடுங்கள். குரலில் பேசினால் இன்னும் நல்லது. இதற்கு மட்டும் லேபில் தனி நேரம் ஒதுக்குங்கள், ஆசிரியர் அறையிலேயே இருக்கட்டும்.

வீட்டுப்பாட விதியைப் பெரிதாக எழுதத் தேவையில்லை. சாட்பாட்டைக் கேட்கலாம், ஆனால் என்ன கேட்டாய், அது சொன்னதில் எதை மாற்றினாய் என்று நோட்டின் கடைசியில் எழுத வேண்டும். கட்டுரைக்கு மட்டும் வேறு வழி வைத்திருக்கிறேன்: குறிப்புகளை வீட்டில் எப்படி வேண்டுமானாலும் திரட்டி வா, எழுதுவது வகுப்பில், என் முன்னால். பொதுத் தேர்வும் பேனாவும் தாளும்தானே.

கடைசியாக, லேபில் ஒரு நீளமான நோட்டைக் கயிற்றில் கட்டித் தொங்க விடுங்கள். கேட்ட கேள்வி, வந்த தப்பான பதில், சரியான பதில், அதை எங்கே பார்த்தோம் என்று நெடுக்காக நான்கு கட்டம். ஆசிரியர், மாணவர், பெற்றோர் யார் வேண்டுமானாலும் எழுதலாம், தேதி போட்டு. ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் அந்தப் பழைய கேள்விகளை மறுபடி கேட்டுப் பாருங்கள். சரியாகிவிட்டதை அடித்துவிட்டு, அடிபடாமல் நிற்பவற்றை அடுத்த ஆண்டு புதிதாக வரும் ஆசிரியர்களின் கூட்டத்துக்கு எடுத்து வையுங்கள்.