பன்னீர், தயிர் தயாரிக்கும் சிறு யூனிட்டுக்கு லேபிளும் பேட்ச் பதிவும்: படிப்படியான செய்முறை

கடையிலிருந்து போன் வருகிறது: "உங்க பன்னீர் பாக்கெட் ஒண்ணு உப்பியிருக்குங்க." அந்தப் பாக்கெட்டில் உள்ள எண்ணை மட்டும் வைத்து, அது எந்தப் பாலில் ஆனது, அதே பாலில் ஆன மற்ற பாக்கெட்டுகள் இப்போது எந்தெந்தக் கடையில் இருக்கின்றன என்று ஒரு மணி நேரத்துக்குள் சொல்ல முடிகிறதா? முடிந்தால் உங்கள் பதிவுமுறை சரியாக இருக்கிறது. முடியாவிட்டால் அந்த வாரம் போன சரக்கு மொத்தத்தையும் திரும்ப எடுக்க வேண்டிவரும். அதற்குள் கெட்ட பாக்கெட்டை யாராவது சாப்பிட்டும் இருப்பார்கள்.

இந்த வேலைக்குச் சாஃப்ட்வேர் தேவையில்லை. தினமும் சில நூறு லிட்டர் பால் எடுக்கும் யூனிட்டுக்கு இரண்டு நோட்டும், ஒவ்வொரு பேட்சுக்கும் (ஒரே தடவையில் சேர்ந்து ஆன சரக்கு) ஒரு தாளும் போதும்.

படி 1: பால் எங்கே கலக்கிறது என்று வரையுங்கள்

கேன் வந்து இறங்குவதிலிருந்து பாக்கெட் வண்டியில் ஏறும் வரை பால் போகும் வழியை ஒரு தாளில் வரையுங்கள். ஒரு பாலோடு இன்னொரு பால் சேரும் இடத்தை எல்லாம் சிவப்பில் வட்டமிடுங்கள். முதல் வட்டம் பல்க் கூலரில் (வரும் பாலைச் சேர்த்துக் குளிரவைக்கும் தொட்டி) விழும். பத்துப் பேர் ஊற்றிய பால் கூலருக்குள் போன பிறகு அதை ஆள்வாரியாகப் பிரிக்க முடியாது. எனவே ஒரு நேரத்தில் கூலரில் ஊற்றிய பால் முழுவதையும் ஒரே வரத்தாக எடுத்துக்கொண்டு அதற்கு ஒரு வரத்து எண் கொடுங்கள். அந்த எண்ணுக்குக் கீழே யார் யார், எத்தனை லிட்டர், வெப்பநிலை, கொழுப்பு, எஸ்என்எஃப் (கொழுப்பு தவிர்த்த திடப்பொருள்), பாலைக் கொதிக்கவைத்துப் பார்த்ததில் திரிந்ததா இல்லையா என்பதை எழுதுங்கள். ஊற்றுவதற்கு முன்பே ஒவ்வொருவர் பாலிலும் சிறு பாட்டில் சாம்பிள் எடுத்து உறைய வைத்துவிடுங்கள். பின்னால் ஆன்டிபயாடிக் எச்சமோ அஃப்ளாடாக்சினோ (பூஞ்சை பிடித்த தீவனத்தால் பாலில் வரும் நச்சு) தெரியவந்தால் எந்தக் கேனில் வந்தது என்று கண்டுபிடிக்க அந்த பாட்டில் ஒன்றுதான் வழி.

இங்கேதான் பெரும்பாலான யூனிட்டுகள் சறுக்குகின்றன. கூலரில் காலைப் பால் 80 லிட்டர் மிச்சம் இருக்கும்போதே மாலைப் பாலை ஊற்றினால், மாலை வரத்துக்குள் காலை வரத்தும் இருக்கிறது. ஆனால் நோட்டில் இரண்டும் தனித்தனியாகத் தெரியும். ஒரு வரத்து கழுவலில் தொடங்கிக் கழுவலில் முடிய வேண்டும். கூலரைக் காலிசெய்து கழுவிய பிறகுதான் புது எண். அதற்கு வசதியில்லாத நாளில் மாலைப் பாலுக்கு எதிரே காலை வரத்து எண்ணையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.

படி 2: பேட்ச் எண்

தேதி மட்டும் பேட்ச் எண் ஆகாது. ஒரே நாளில் மூன்று வாட் (பாலைத் திரிக்கும் பெரிய தொட்டி) ஓட்டினால் மூன்றுக்கும் ஒரே தேதிதான் வரும். அதில் ஒன்று கெட்டாலும் மூன்றையும் திரும்ப எடுக்க வேண்டியிருக்கும். எளிய முறை இது: பொருள், ஆண்டு, ஆண்டின் எத்தனையாவது நாள், எத்தனையாவது வாட். 'பி 26073 2' என்றால் பன்னீர், 2026இன் 73ஆம் நாள் (மார்ச் 14), இரண்டாவது வாட். பேக்கிங்கில் இருக்கும் ஆளே இதைப் படித்துச் சொல்லும்படி இருக்க வேண்டும்.

படி 3: பேட்ச் தாள்

ஒரு பேட்சுக்கு ஒரு தாள். எந்த வரத்துப் பால், எத்தனை லிட்டர், எந்தச் சூட்டில் எவ்வளவு நேரம் பாஸ்டரைஸ் ஆனது, திரிக்கப் போட்ட சிட்ரிக் அமில மூட்டையின் லாட் எண் (அதைத் தயாரித்தவர் மூட்டையில் போட்ட பேட்ச் எண்), பேக்கிங் ஃபிலிம் ரோலின் லாட் எண், கிடைத்த எடை, போட்ட பாக்கெட், கழிந்தது, செய்தவர் கையெழுத்து. மாலையில் உட்கார்ந்து நினைவிலிருந்து நிரப்பும் தாள் எதற்கும் உதவாது. தாளை அட்டையில் கிளிப் போட்டு வாட் பக்கத்திலேயே மாட்டிவிடுங்கள்.

படி 4: உறையும் மறுபயன்பாடும்

தயிர் போடுகிறவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். நேற்றைய தயிரிலிருந்து இன்றைக்கு உறை ஊற்றினால், இன்றைய பேட்சுக்குள் நேற்றையது இருக்கிறது, நேற்றையதற்குள் முந்தாநாளையது. அந்தச் சங்கிலியை எங்கே வெட்டுவது என்றே தெரியாமல் போகும். ஒவ்வொரு பேட்சுக்கும் புது கல்ச்சர் பாக்கெட் (கடையில் விற்கும் உறை பாக்டீரியா) போட்டு, அதன் லாட் எண்ணைத் தாளில் எழுதுவதே நல்லது. செலவு கூடும்தான். ஆனாலும் இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

விற்காத பாக்கெட்டையும் குறைபட்ட சரக்கையும் அடுத்த பேட்சில் சேர்ப்பது இதைவிட ஆபத்தானது. ஜப்பானில் 2000ஆம் ஆண்டு நடந்தது இதுதான். மார்ச் 31 அன்று ஹொக்கைடோவில் ஸ்னோ பிராண்ட் நிறுவனத்தின் தைகி ஆலையில் சில மணி நேரம் மின்சாரம் போனது. சூட்டில் நின்ற பாலில் ஸ்டாஃபிலோகாக்கஸ் பெருகி நச்சு சேர்ந்தது. அந்தப் பாலில் ஆன பவுடரில் பாக்டீரியா எண்ணிக்கை அளவைத் தாண்டியிருந்தும், அதை மறுபடி கரைத்து ஏப்ரல் 10 பவுடரில் சேர்த்தார்கள். சூடாக்கியதில் பாக்டீரியா செத்தது; நச்சு சாகவில்லை. அந்தப் பவுடர் ஒசாகா ஆலைக்குப் போய்க் கொழுப்பு குறைந்த பாலில் கலந்து, ஜூன் கடைசியிலிருந்து 13,000 பேருக்கு மேல் நோயில் விழுந்தார்கள். மறுபயன்பாடு தவிர்க்கவே முடியாத நிலையில், சேர்த்த சரக்கின் பேட்ச் எண்ணையும் எடையையும் புதுத் தாளில் எழுதாமல் வாட்டைத் திறக்காதீர்கள்.

படி 5: லேபிளில் என்னென்ன

பொருளின் பெயர், எடை இறங்குவரிசையில் சேர்மானங்கள், ஊட்டச்சத்து விவரம், நிகர எடை, தயாரிப்பாளர் பெயரும் முகவரியும், எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு, தர ஆணையம்) முத்திரையும் 14 இலக்க உரிம எண்ணும், பேட்ச் எண், பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம், 'பால் உள்ளது' என்ற ஒவ்வாமை எச்சரிக்கை, எந்தக் குளிரில் வைக்க வேண்டும் என்ற குறிப்பு. சட்டமுறை எடையளவு விதிப்படி எல்லா வரியும் சேர்ந்த எம்ஆர்பி, அலகு விலை (200 கிராம் 90 ரூபாய் என்றால் கிராமுக்கு 0.45), புகாருக்கான போன், மின்னஞ்சல். தமிழில் மட்டும் அச்சிட்டால் போதாது. விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தாக வேண்டும். தமிழைக் கூடுதலாகப் போடலாம். கட்டாயம் போடுங்கள், வாங்குகிறவர்கள் படிக்கட்டும்.

2020 லேபிள் விதிகளின்படி 'பெஸ்ட் பிஃபோர்' மட்டும் போட்டால் போதாது. தயாரித்த அல்லது பேக் செய்த தேதியோடு 'எக்ஸ்பைரி' அல்லது 'யூஸ் பை' தேதியும் வேண்டும். மூன்று மாதத்துக்குள் முடியும் பொருளுக்கு நாள், மாதம், ஆண்டு மூன்றும் வர வேண்டும். பக்கத்துக் கம்பெனி 15 நாள் போடுகிறது என்று நீங்களும் 15 போடாதீர்கள். உங்கள் பாக்கெட்டைக் கடை ஃப்ரிட்ஜின் குளிரில் வைத்து, நாள்வாரியாகப் பரிசோதித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

தாவர எண்ணெய் சேர்த்து ஆன பொருளை வெறுமனே பன்னீர் என்று விற்கக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

படி 6: அச்சு

பன்னீர் பவுச் ஈரமாகவே பிரிண்டருக்கு வந்தால் மை பிடிக்காது. கோல்டு ரூமுக்குள் போனதும் எண் கரைந்து ஒழுகும். துடைத்துக் காயவைத்து அச்சிடுங்கள், பிறகு விரலால் தேய்த்துப் பாருங்கள். பாக்கெட்டைப் பிரிக்கும்போது கிழியும் விளிம்பில் எண் வரக் கூடாது. பாதிப் பன்னீரை ஃப்ரிட்ஜில் வைத்திருப்பவர் கையிலும் எண் இருக்க வேண்டும். ஒவ்வொரு பேட்சிலும் முதல் லேபிளையும் கடைசி லேபிளையும் பேட்ச் தாளிலேயே ஒட்டிவிடுங்கள். நேற்றைய தேதி மாறாமல் ஓடிய பிரிண்டரை அந்த முதல் லேபிளே காட்டிக்கொடுத்துவிடும்.

படி 7: அனுப்பும் நோட்டு

தேதி, கடை, பேட்ச் எண், எத்தனை பாக்கெட், வண்டி. பில்லில் 'பன்னீர் 40' என்று மட்டும் எழுதினால் சங்கிலி அங்கேயே அறுந்துவிடும். ஒவ்வொரு பேட்சிலும் சில பாக்கெட்டுகளை எக்ஸ்பைரி வரை நீங்களும் வைத்திருங்கள். அனுப்பும் நோட்டை எக்ஸ்பைரி தாண்டி ஓராண்டாவது பத்திரப்படுத்துங்கள். 2017இல் வந்த உணவு திரும்பப் பெறும் விதிகளின் கீழ் கேள்வி வந்தால் முதலில் கேட்பது இதைத்தான்.

படி 8: ஒத்திகை

ஒரு பேட்சை எடுத்து எண்ணிப் பாருங்கள். 400 லிட்டரில் 63 கிலோ பன்னீர் வந்தது, ஓரத்துண்டு 1 கிலோ போக 62 கிலோவில் 200 கிராம் பாக்கெட் 310 என்று வைத்துக்கொள்வோம். கடைகளுக்குப் போனது 281, கோல்டு ரூமில் 15, சாம்பிள் 4. மொத்தம் 300. மீதி 10 எங்கே? பெரும்பாலும் சீல் சரியாக விழாமல் தூக்கிப்போட்டு, எழுதாமல் விட்டதாக இருக்கும். ஆனால் நிஜமாகத் திரும்பப் பெறும் நாளில் அந்தப் பத்தும் கடையில் இல்லை என்று உங்களால் உறுதி சொல்ல முடியாது. பேட்ச் தாளில் 'சீல் கழிவு' என்று ஒரு கட்டம் சேர்த்து, அடுத்த பேட்சில் மறுபடி எண்ணுங்கள்.

பாக்கெட்டிலிருந்து பாலுக்குப் போவதோடு, ஒரு கேனிலிருந்து தொடங்கிக் கடை வரைக்கும் ஒருமுறை போய்ப் பாருங்கள். திரும்பி வரும் பாக்கெட்டை வைக்கக் கோல்டு ரூமில் பூட்டுள்ள தனி ரேக் ஒதுக்கி, அதில் வைத்ததையும் அழித்ததையும் எண்ணிக்கையோடு அதே பேட்ச் தாளின் பின்பக்கம் எழுதுங்கள்.