கிளைகளை மரமாக அடுக்குவது எப்படி? கடைத் தொடர்களுக்கு ஒரு செய்முறை

ஒரே கடை இருக்கும்வரை கல்லாவைப் பார்த்தால் கணக்கு தெரிந்துவிடும். கடை ஏழு எட்டு ஆனதும் முதலாளி கேட்கும் கேள்வி மாறிவிடும்: "டெல்டா பக்கம் இந்த மாசம் எப்படிப் போகுது?" இந்த ஒரு கேள்விக்குப் பதில் தயாரிக்க அரை நாள் ஓடுகிறது என்றால், உங்கள் கிளைப் பட்டியலில் எந்த இடம் எதற்குக் கீழே வருகிறது என்பது எங்கேயும் எழுதப்படவில்லை என்று அர்த்தம்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கடைத் தொடருக்கு மாத அறிக்கை தயாரித்தேன். ஒரே கடையைக் காலை ஷிஃப்டில் "திருநெல்வேலி" என்றும், மாலை ஷிஃப்டில் "நெல்லை" என்றும், போன் ஆர்டரில் "ஜங்ஷன் கடை" என்றும் பதிந்திருந்தார்கள். அறிக்கையில் அது மூன்று கடையாக வந்தது. விற்பனை சரிந்துவிட்டது என்று அந்தக் கடை மேலாளர் எல்லார் முன்னாலும் திட்டு வாங்கினார். அவர் விற்றதில் பாதி அடுத்த வரிசையில்தான் கிடந்தது. இன்னொருவருக்கு அப்படி நடக்கக் கூடாது என்பதால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

எடுத்துக்காட்டுக்குத் திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு பலகாரக் கடைத் தொடரை வைத்துக்கொள்வோம். கூகுள் ஷீட்ஸ் அல்லது எக்ஸெல் தெரிந்தால் போதும்.

படி 1: முதலில் பேப்பரில் வரையுங்கள்

மேலே முழு நிறுவனம், அதற்குக் கீழே வட்டாரங்கள், அவற்றுக்குக் கீழே கடைகள். இந்த அமைப்பைத்தான் மரம் என்கிறேன். எத்தனை அடுக்கு வேண்டும் என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: அந்த அடுக்கின் எண்ணுக்குப் பதில் சொல்ல ஒரு ஆள் இருக்கிறாரா? ஏரியா மேனேஜர் இருந்தால் வட்டாரம் என்ற அடுக்கு வேண்டும். "வட தமிழ்நாடு" என்பதற்கு யாரும் பொறுப்பில்லை என்றால் அந்த அடுக்கு வேண்டாம்.

பஸ் ஸ்டாண்டு கடை, கோயில் தெருக் கடை, சொந்தக் கட்டடம், வாடகைக் கட்டடம் போன்றவை கடையின் குணங்கள். அவற்றை அடுக்காக்காதீர்கள். தனி நெடுவரிசையில் எழுதினால் போதும்.

படி 2: ஓர் இடத்துக்கு ஒரு வரிசை

"இடங்கள்" என்று ஒரு ஷீட் திறந்து நான்கு நெடுவரிசை போடுங்கள்: எண், பெயர், வகை, யாருக்குக் கீழே. டேலி என்ற கணக்கு மென்பொருளில் லெட்ஜர் (ஒரு தனிக் கணக்கு) திறக்கும்போது "அண்டர்" என்று கேட்குமே, நான்காவது நெடுவரிசை அதேதான்.

501 – முழு நிறுவனம் – தொகுப்பு – (காலி)
502 – தலைமை அலுவலகம், திருச்சி – இடம் – 501
503 – டெல்டா வட்டாரம் – தொகுப்பு – 501
504 – தென் வட்டாரம் – தொகுப்பு – 501
505 – தஞ்சாவூர் – இடம் – 503
506 – கும்பகோணம் – இடம் – 503
507 – காரைக்கால் – இடம் – 503
508 – மதுரை – இடம் – 504
509 – திருநெல்வேலி – இடம் – 504
510 – தென்காசி – இடம் – 504

தலைமை அலுவலகம் உச்சியில் இல்லை, 501-க்குக் கீழே ஓர் இடமாக இருக்கிறது. அதற்கும் வாடகை, சம்பளம், கரண்ட் பில் உண்டு. அதையே உச்சியில் வைத்துவிட்டால், ஆபீஸ் செலவு எது, எல்லாக் கடைகளின் மொத்தச் செலவு எது என்று பிரிக்க முடியாமல் போய்விடும். டேலியில் குரூப்பின் (பல லெட்ஜர்களின் தொகுப்பு) மேல் வவுச்சர், அதாவது வரவு செலவுப் பதிவு, போட முடியாது, லெட்ஜரில்தான் போட முடியும். இங்கேயும் அதே விதிதான்: விற்பனையும் செலவும் "இடம்" மீது மட்டும் பதியப்பட வேண்டும், தொகுப்பின் மீது ஒரு ரூபாய்கூடப் பதியக் கூடாது. ஏரியா மேனேஜரின் டீசல் செலவை எங்கே எழுதுவது என்று கேட்டால், "டெல்டா வட்டார அலுவலகம்" என்று இன்னோர் இடம் திறந்து 503-க்குக் கீழே வையுங்கள்.

எண்ணுக்குள் அர்த்தத்தைத் திணிக்காதீர்கள். டெல்டா கடைகளுக்கெல்லாம் 3-இல் தொடங்கும் எண் கொடுக்கலாமே என்று தோன்றும். நாளைக்கு ஒரு கடை வட்டாரம் மாறினால் அந்த எண் பொய் சொல்லத் தொடங்கும். திறந்த வரிசைப்படி எண் கொடுத்துவிட்டு, மூடிய கடையின் எண்ணை வேறு கடைக்கு மறுபடி கொடுக்காமல் இருந்தால் போதும்.

படி 3: அறிக்கையில் மேலே கூட்டுவது

விற்பனை ஷீட்டில் தேதி, இட எண், தொகை மட்டும் இருக்கட்டும். வட்டாரத்தை யாரும் கையால் தட்டச்சு செய்ய வேண்டாம். எக்ஸ்லுக்கப் அல்லது வீலுக்கப் கொண்டு இட எண்ணுக்கு எதிரே உள்ள "யாருக்குக் கீழே" எண்ணை எடுத்துவிடலாம். அப்புறம் வட்டார வாரியாகக் கூட்டித் தர ஒரு பிவட் டேபிள், வேலை முடிந்தது. இன்னும் ஓர் அடுக்கு மேலே போக வேண்டுமென்றால், கிடைத்த எண்ணை வைத்து இன்னொரு முறை தேடுங்கள்.

மாதம் தவறாமல் ஒரு சோதனை செய்யுங்கள்: வட்டாரங்களின் கூட்டுத்தொகையும் தலைமை அலுவலகத்தின் தொகையும் சேர்ந்து, விற்பனை ஷீட்டின் மொத்தத்துக்குச் சமமாக வருகிறதா? வரவில்லை என்றால், ஏதோ ஒரு கடை யாருக்குக் கீழேயும் இல்லாமல் அநாதையாக நிற்கிறது.

படி 4: காரைக்காலை என்ன செய்வது?

புதியவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுமாறுகிறார்கள். காரைக்கால் கடைக்குச் சரக்கு டெல்டா வேனில் போகிறது, மேற்பார்வையும் டெல்டா ஏரியா மேனேஜர்தான். ஆனால் காரைக்கால் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் இருக்கிறது. ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கம் தமிழ்நாட்டுக்கு 33, புதுச்சேரிக்கு 34. இரண்டுக்கும் தனித்தனிப் பதிவு வேண்டும். கும்பகோணத்திலிருந்து காரைக்காலுக்கு உங்கள் சரக்கையே அனுப்பினாலும் அது மாநிலம் தாண்டிய சப்ளையாகக் கணக்காகும், ஐஜிஎஸ்டி (மாநிலம் தாண்டும் சரக்குக்கான ஜிஎஸ்டி) வரும்.

அப்படியானால் அதை டெல்டாவிலிருந்து எடுத்துவிடலாமா? வேண்டாம். ஏரியா மேனேஜரின் உழைப்பு அவர் கணக்கில்தான் தெரிய வேண்டும். "ஜிஎஸ்டி பதிவு" என்று ஐந்தாவது நெடுவரிசை சேர்த்து, 507-க்கு 34, மற்ற கடைகளுக்கு 33 என்று எழுதுங்கள். நிர்வாகத்துக்கு ஒரு மரம், வரிக்கு இன்னொரு மரம், கடைப் பட்டியல் ஒன்றுதான். பின்கோடைப் பார்த்து மாநிலத்தைக் கண்டுபிடிக்கும் குறுக்கு வழியும் வேண்டாம். மயிலாடுதுறை, காரைக்கால் இரண்டுமே 609-இல்தான் தொடங்குகின்றன.

படி 5: மாற்றத்துக்குத் தேதி போடுங்கள்

தென்காசி 2019-இல்தான் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. மயிலாடுதுறை 2020-இல் நாகப்பட்டினத்திலிருந்து பிரிந்தது. நீங்கள் மாவட்ட வாரியாக அறிக்கை எடுப்பவராக இருந்தால், பழைய பதிவில் தென்காசிக் கடை நெல்லை மாவட்டத்தில்தான் இருக்கும். மாற்றத்தைக் கவனிக்காமல் 2018-ஐயும் 2021-ஐயும் ஒப்பிட்டால், நெல்லை விழுந்ததுபோலவும் தென்காசி திடீரென்று முளைத்ததுபோலவும் தெரியும். கம்பெனி தன் வட்டாரங்களை மாற்றும்போதும் இதே கதைதான்.

இதற்கு "இடமாற்றம்" என்று தனி ஷீட் வையுங்கள்: இட எண், யாருக்குக் கீழே, எப்போதிலிருந்து, எப்போது வரை. இன்றுவரை தொடர்வதற்குக் கடைசித் தேதியாக 31-12-2099 போடலாம். விற்பனைத் தேதி இந்த இரண்டு தேதிக்கும் நடுவே விழும் வரிசையை எடுக்க சம்இஃப்ஸ் போதும். எண்களைக் கூட்டும் ஃபார்முலா ஆயிற்றே என்று யோசிக்க வேண்டாம். பொருந்துவது ஒரே வரிசை என்பதால், அதிலுள்ள மேல் எண் அப்படியே வந்துவிடும். தேதிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் 503-உம் 504-உம் கூடி 1007 என்று வரும். அப்படி ஓர் எண்ணே பட்டியலில் இல்லை என்பதால் தவறு உடனே கண்ணில் படும். இந்த வசதிக்காகவே எழுத்துக்குப் பதில் எண்களை வைக்கச் சொல்கிறேன்.

அன்றைய அமைப்பில் பார்ப்பதும் சரி, பழையதையும் இன்றைய அமைப்பில் மாற்றிப் பார்ப்பதும் சரி. எதைப் பார்க்கிறோம் என்பதை அறிக்கையின் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள்.

படி 6: யார் எதைப் பார்க்கலாம்?

மரம் சரியாக இருந்தால் அனுமதி கொடுப்பது எளிது. "அனுமதி" ஷீட்டில் மின்னஞ்சல், இட எண் என்று இரண்டே நெடுவரிசை. டெல்டா ஏரியா மேனேஜருக்கு 503 கொடுத்தால், அதற்குக் கீழே உள்ளதெல்லாம் அவருக்குத் தெரியும். 505, 506, 507 என்று தனித்தனியாகக் கொடுக்காதீர்கள். புதுக் கடை திறந்ததும் மறந்துபோவீர்கள்.

ஆனால் இந்தப் பட்டியல் தானாக எதையும் பூட்டாது. கூகுள் ஷீட்ஸில் ஒரு தாளை மறைத்து வைப்பதும், ஃபில்டர் போடுவதும் பாதுகாப்பு ஆகாது. "புரொடெக்ட்" செய்வது திருத்துவதைத்தான் தடுக்கும், பார்ப்பதைத் தடுக்காது. சம்பள விவரம் இருக்கும் கோப்பை அப்படிப் பகிர்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து செய்யாதீர்கள். வட்டாரத்துக்கு ஒரு தனிக் கோப்பு வைத்து, இம்போர்ட்ரேஞ்ச் (வேறு கோப்பிலிருந்து தரவை எடுத்துவரும் ஃபார்முலா) மூலம் அந்த வட்டாரத்தின் வரிசைகளை மட்டும் கொண்டுவாருங்கள். அந்தக் கோப்பில் பார்க்கும் உரிமை மட்டும் கொடுங்கள். திருத்தும் உரிமை இருந்தால், ஃபார்முலாவை மாற்றி மூலக் கோப்பின் மற்ற பகுதிகளையும் இழுத்துவிட முடியும்.

கடைகள் பெருகியதும் பவர் பிஐ போன்ற அறிக்கைக் கருவிக்குப் போங்கள். யார் உள்ளே வந்திருக்கிறாரோ அவருக்குரிய வரிசைகளை மட்டும் காட்டும் வசதி அதில் இருக்கிறது, "இடங்கள்", "அனுமதி" என்ற இதே இரண்டு ஷீட்டை அப்படியே அதற்குக் கொடுக்கலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அந்தத் தடை வொர்க்ஸ்பேஸில் (அறிக்கைகளைச் சேர்ந்து வைத்திருக்கும் இடம்) "வியூவர்" நிலையில் இருப்பவர்களுக்குத்தான். "மெம்பர்" ஆகச் சேர்த்தால் எல்லாமே தெரியும். அனுப்புவதற்கு முன்னால் "வியூ ஆஸ்" போட்டு, கும்பகோணம் மேலாளராக ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

கடை மேலாளர்கள் தங்கள் கடையை வட்டாரத்தோடு ஒப்பிட விரும்புவார்கள், அது நல்லதுதான். மொத்தத்தைக் காட்டலாம். வட்டாரத்தில் இரண்டே கடை என்றால் மட்டும் வேண்டாம். மொத்தத்திலிருந்து தன் தொகையைக் கழித்தால் பக்கத்துக் கடையின் தொகை வந்துவிடும்.

புதுக் கடைக்கு முதல் பில் அடிக்கும் முன்பே "இடங்கள்", "இடமாற்றம்" இரண்டிலும் அதற்கு வரிசை இருக்க வேண்டும். பெயர்ப்பலகைக்கு ஆர்டர் கொடுக்கும் அன்றே எண்ணையும் கொடுத்துவிடுங்கள்.