ஓபன் டியூனிங்குக்கு எந்தப் பருமனில் கம்பி போடுவது?

விரலால் எங்கும் அழுத்தாமல் மீட்டினாலே ஒரு கார்ட் ஒலிக்கும்படி கம்பிகளுக்குச் சுருதி சேர்ப்பதுதான் ஓபன் டியூனிங். உலோகக் கூம்பால் ஒலியைப் பெருக்கும் ரெசனேட்டர் கிட்டாரில் இது வழக்கம். ‘ரெசனேட்டர் கிட்டாருக்கு’ என்று உறையில் அச்சிட்டிருந்ததை நம்பி ஒரு செட் வாங்கி மாட்டினேன். மெல்லிய முதல் கம்பி 16, தடித்த ஆறாவது 56. (கம்பி எண்கள் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, 13 என்றால் 0.33 மி.மீ.) உறையின் பின்பக்கம் ஆறாவதிலிருந்து முதல் கம்பிவரை ஜி-பி-டி-ஜி-பி-டி என்று போட்டிருந்ததால் அப்படியே சுருதி சேர்த்தேன். ஒரே வாரத்தில் கம்பிகள் பிரெட்டை (குறுக்கே பதித்த உலோகக் கீற்றுகளை) விட்டு எழும்பி நின்றன, நெக், அதாவது கிட்டாரின் கழுத்து, வளைந்துவிட்டது. அந்த செட்டும் டியூனிங்கும் சதுர நெக்குக்கு உரியவை. என்னிடம் இருந்ததோ உருண்டை நெக்.

ஆகவே கம்பியைப் பார்க்கும் முன் நெக்கைப் பாருங்கள். மடியில் கிடத்தி இரும்புப் பாரால் வாசிக்கிற சதுர நெக் தடித்தது, கடுமையான இழுவிசையைத் தாங்கும். விரலில் ஸ்லைடு என்கிற குழாயை மாட்டி வாசிக்கிற உருண்டை நெக் தாங்காது.

அடுத்து, ஒவ்வொரு கம்பியும் வழக்கமான டியூனிங்கிலிருந்து (ஆறாவதிலிருந்து ஈ-ஏ-டி-ஜி-பி-ஈ) எத்தனை அரைச்சுரம் (ஒரு பிரெட் தூரம்) நகர்கிறது என்று தாளில் எழுதுங்கள். ஓபன் ஜியில் 1, 5, 6 ஆகிய மூன்றும் இரண்டு அரைச்சுரம் இறங்கும். மற்றவை அசையாது. ஓபன் டியில் 1, 2, 6 இரண்டு இறங்கும், 3 ஒன்று இறங்கும். எனக்கு வினை வைத்த ஜி-பி-டி-ஜி-பி-டியில் ஆறாவது கம்பி மூன்று, ஐந்தாவது இரண்டு அரைச்சுரம் *ஏறும்*. முதல் கம்பி மட்டும் இரண்டு இறங்கும். இதை அன்றைக்கே எழுதிப் பார்த்திருந்தால் நெக் தப்பித்திருக்கும்.

இப்போது கணக்கு. இரண்டு அரைச்சுரம் இறக்கினால் இழுவிசை ஐந்தில் ஒரு பங்கு குறையும். அதை ஈடுகட்ட சுமார் 12 சதவீதம் தடித்த கம்பி வேண்டும். ஒரு அரைச்சுரத்துக்கு 6 சதவீதம். (கம்பி எண்கள் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, 13 என்றால் 0.33 மி.மீ.) ஏற்றும்போது இதே அளவு மெலிய வேண்டும்.

12 எண் கம்பியை, கம்பி நீளம் 25 அங்குலமுள்ள ரெசனேட்டரில் ஈயிலிருந்து டிக்கு இறக்கினால் இழுவிசை சுமார் 10 கிலோவிலிருந்து 8 கிலோவாகிவிடும். ஸ்லைடை வைத்தாலே கம்பி பிரெட்டில் போய் இடிக்கும். 15 போட்டால் அதே டியில் பன்னிரண்டரை கிலோ கிடைக்கும். ஸ்லைடுக்கு இந்த விறைப்புதான் சுகம்.

ரெசனேட்டர் செட்டைத் தேடி அலையாமல் சாதாரண 13–56 மீடியம் செட் வாங்குங்கள் என்பேன். ஓபன் ஜிக்கு அதில் 13ஐ 15ஆகவும் 45ஐ 50ஆகவும் மாற்றுங்கள். 56க்குக் கணக்குப்படி சுமார் 63 வரும். எனக்கு 60 போதுமானதாக இருக்கிறது. ஓபன் டி என்றால் 13க்கு 15, 17க்கு 19, 56க்கு 60. மூன்றாவதைத் தொட வேண்டாம். மாற்றுக் கம்பிகளை உதிரியாக வாங்கிக்கொள்ளலாம். உறையைத் தொலைத்துவிட்டு எது எந்த எண் என்று முழிக்கிற என் போன்றவர்களுக்கு பருமன் அளக்கும் டிஜிட்டல் காலிப்பர் ஒன்று அவசியம்.

ஓபன் ஈ, ஓபன் ஏ வேண்டுமா? உருண்டை நெக்கில் சுருதியை ஏற்றாதீர்கள். டியிலோ ஜியிலோ சேர்த்து இரண்டாம் பிரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அழுத்தும் கவ்வி) போடுங்கள்.

மடியில் வைத்து வாசிக்கிற லாப் ஸ்டீல் கிட்டார்கள் பலவற்றின் கம்பி நீளம் 22.5 அங்குலம்தான். 25 அங்குலத்தோடு ஒப்பிட்டால் இழுவிசை 19 சதவீதம் குறைவு. அதாவது சுருதியை இரண்டு அரைச்சுரம் இறக்கியதற்குச் சமம். லாப் ஸ்டீலின் சி6 டியூனிங்கில் (சி-ஈ-ஜி-ஏ-சி-ஈ) மேல் ஈக்கு 15, அடுத்த சிக்கு 18 சரியாக இருக்கும். கம்பியின் அதிர்வை மின்குறியாக்கும் காந்தப் பிக்கப் இருந்தால் நிக்கல் சுற்றிய கம்பிதான். வெண்கலச் சுற்றைக் காந்தம் கண்டுகொள்ளாது.

மாட்டும்போது ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுங்கள். பிஸ்கட் வகை (நடுவில் வட்ட மரத்துண்டு வைத்த) ரெசனேட்டர் கூம்பைப் பிடித்து வைத்திருப்பதே கம்பிகளின் அழுத்தம்தான்; ஆறையும் ஒரேயடியாகக் கழற்றினால் அது இடம் மாறிவிடும். அப்புறம் நட்டின் (நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் படியும் கட்டையின்) பள்ளத்தையும் கவனியுங்கள். 60 கம்பி 56இன் பள்ளத்தில் இறங்காமல் மேலே உட்கார்ந்திருந்தால் அரத்தால் மெல்ல அகலப்படுத்துங்கள், ஆழப்படுத்தாதீர்கள்.

பின்சேர்க்கை: முதல் கம்பி அறுந்துகொண்டே இருக்கிறது, இன்னும் மெல்லியதாகப் போடலாமா என்று சிலர் கேட்டார்கள். பெரிதாகப் பயனில்லை. கம்பி மெலியும்போது இழுவிசை குறைகிற அளவுக்கே தாங்கும் வலுவும் குறைகிறது. எந்தச் சுருதியில் அறும் என்பதை நீளம்தான் முக்கியமாகத் தீர்மானிக்கும். கேட்டவர்களில் ஒருவர் ஈ கம்பியை டிக்கு இறக்குவதற்குப் பதிலாக மேலே உள்ள டியை நோக்கி முறுக்கிக்கொண்டிருந்தார். கிளிப் டியூனர் இரண்டுக்கும் ‘டி’ என்றுதான் காட்டும்.