எவ்ரியா, ஈச்சா?

வங்கித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு மாலையில் ஆங்கிலம் எடுக்கிறேன். அவர்கள் அதிகம் கோட்டை விடுவது 'எவ்ரி' என்ற சின்னச் சொல்லில்தான்.

'எவ்ரி ஸ்டூடண்ட்ஸ் ஆர்' என்று எழுதாதீர்கள். 'எவ்ரி ஸ்டூடண்ட் இஸ்'தான் சரி. தமிழில் 'ஒவ்வொரு மாணவர்களும்' என்று சொல்வோமா? அதே கணக்கு.

அப்புறம் எண்ணிக்கை. இரண்டே இருந்தால் 'எவ்ரி' வராது. கைக்கொரு வளையல் என்றால் 'எ பேங்கிள் ஆன் ஈச் ரிஸ்ட்'. மூன்றும் அதற்கு மேலும் என்றால் பெரும்பாலும் 'எவ்ரி', 'ஈச்' இரண்டுமே செல்லும். ஆனால் முன்னால் 'ஆல்மோஸ்ட்' வந்தால் 'எவ்ரி' மட்டும்தான்.

தேர்வில் வழுக்கும் இடம் 'ஆஃப்'. 'ஈச் ஆஃப் த பாய்ஸ்' சரி. 'எவ்ரி ஆஃப் த பாய்ஸ்' தப்பு; நடுவில் 'ஒன்' வேண்டும். இரண்டிலும் வினை 'ஹேஸ்'. பக்கத்தில் நிற்கும் 'பாய்ஸ்' கண்ணில் பட்டதும் கை தானாக 'ஹேவ்' எழுதிவிடும், பிழை கண்டுபிடிக்கும் கேள்வியில் அதைத்தான் வலையாக விரிப்பார்கள்.

இடைவெளியைச் சொல்லும்போது மட்டும் பன்மை வரலாம்: 'எவ்ரி சிக்ஸ் ஹவர்ஸ்', ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை. மருந்துச் சீட்டில் 'எவ்ரி அதர் டே' என்றிருந்தால் ஒருநாள் விட்டு ஒருநாள். மற்ற எல்லா நாளும் என்று நினைத்து மாத்திரையை விழுங்கிவிடாதீர்கள்!

'எவ்ரி டே' என்று பிரித்தால் தினமும். 'எவ்ரிடே' என்று சேர்த்தால் அன்றாட. கடைப் பலகையில் 'ஓபன்' என்பதற்குப் பின்னால் பிரித்துத்தான் எழுத வேண்டும், பெயின்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.