அக்வா டி ஜியோவா, ஒன் மில்லியனா? டெல்டா புழுக்கத்தில் செண்ட் தேர்ந்தெடுக்கும் முறை

அர்மானியின் அக்வா டி ஜியோ 1996-இல் வந்தது. எலுமிச்சை இனப் பழங்களின் புளிப்பு, கடல் காற்றின் உப்பு, உள்ளே லேசாக மல்லிகைச் சாயல். பாக்கோ ரபானின் ஒன் மில்லியன் 2008-இல் தங்கக்கட்டி வடிவப் புட்டியில் வந்தது. லவங்கப்பட்டை, பதனிட்ட தோல், அடியில் கெட்டியான இனிப்பு. கடையில் முகர்ந்தால் பலருக்கு இனிப்புதான் பிடிக்கும். கத்திரி வெயிலில், தஞ்சாவூர் பஸ்ஸுக்குள் அதே இனிப்பு எப்படி இருக்கும் என்பதுதான் கேள்வி.

படி 1: புட்டியை வாங்காதீர்கள். இரண்டிலும் 2 மில்லி மாதிரிக் குப்பி போதும். இருபது தடவையாவது அடிக்கலாம். இரண்டும் ஓ டி டாய்லெட்டாக (செறிவு குறைந்த வகை) இருக்கட்டும். ஒன்று மட்டும் ஓ டி பர்ஃபமாக இருந்தால் அதில் பொதுவாக வாசனை எண்ணெய் கூடுதல், ஒப்பீடு கெட்டுவிடும்.

படி 2: குளித்து அரைமணி கழியட்டும். தேங்காய் எண்ணெய், பவுடர், சந்தன சோப்பு எதுவும் அன்று வேண்டாம். சந்தனம் ஒன் மில்லியனின் அடிவாசத்தோடு (கடைசிவரை தங்கும் வாசனை) கலந்துவிட்டால் எது எதுவென்று பிரிக்க முடியாது.

படி 3: 15 செ.மீ. தள்ளிப் பிடித்து, இடது முழங்கை மடிப்பில் ஒன்று, வலதில் மற்றது, ஒரே ஒரு அழுத்தல். மணிக்கட்டில் அடித்தால் சாப்பிட்டுக் கை கழுவும்போதே போய்விடும். தேய்க்க வேண்டாம், தேய்த்த சூட்டில் முதலில் எழும் மேல்வாசம் சீக்கிரம் பறந்துவிடும்.

படி 4: அடித்து 10 நிமிடம், 1 மணி நேரம், 4 மணி நேரம் கழித்து என்று மூன்று முறை முகர்ந்து குறித்துக்கொள்ளுங்கள். முதலில் வருவது ஸ்பிரிட்டும் பழவாசமும்தான். நாலாவது மணியில் தோலில் எஞ்சியிருப்பதே நீங்கள் காசு கொடுத்து வாங்கும் வாசனை. முடிவை அப்போது எடுங்கள்.

புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். கால்மணி நேரத்திலேயே மூக்கு பழகி, வாசனை போய்விட்டதாகத் தோன்றும். உடனே இன்னும் நாலு அழுத்தல். உங்களுக்குத்தான் தெரியாது, பக்கத்து இருக்கைக்காரருக்குத் தலைவலி. இரண்டடி தள்ளி நிற்கும் ஒருவரைக் கேளுங்கள். மூக்கைத் தெளியவைக்கக் காப்பிக்கொட்டை முகர்வது உதவாது, கும்பகோணம் டிகிரி காப்பிக் கொட்டையானாலும் சரி. வெளியே போய் ஐந்து நிமிடம் காற்று வாங்கினாலே போதும்.

படி 5: இதையே இரண்டு சூழலில் செய்யுங்கள்: ஒருநாள் பகல் வெயிலில், ஒருநாள் ஏசியில் அல்லது மார்கழி விடியலில். சூட்டில் இரண்டுமே வேகமாக ஆவியாகும். அதனால் அக்வா டி ஜியோ சீக்கிரம் மெலியும், ஒன் மில்லியன் ஒரேயடியாகப் பரவித் திகட்டும்.

வெயிலில் அலையும் வேலை என்றால் எங்கள் தேர்வு தயக்கமின்றி அக்வா டி ஜியோ: காலையில் இரண்டு அழுத்தல், மதியத்துக்கு 5 மில்லி குப்பி பையில். ஏசி மண்டபத்து ராத்திரி ரிசப்ஷனுக்கு ஒன் மில்லியன், ஒரே அழுத்தல்.

திருபுவனம் பட்டு கட்டுவதாக இருந்தால் முதலில் தோலில் அடித்து, நன்றாகக் காய்ந்தபின் உடுத்துங்கள். பட்டில் நேரே பட்டால் வட்டமாகக் கறை விழும். புட்டியைக் குளியலறையிலோ ஜன்னலோரத்திலோ வைக்காமல் பீரோவின் கீழ்த்தட்டில், அட்டைப்பெட்டியோடு வையுங்கள்.