கண்ணைப் பறிக்கும் ஹெட்லைட்: இரவில் வண்டி ஓட்டும்போது செய்யக்கூடாதவை

எதிரே வந்த வண்டி கடந்துபோன பிறகும் இரண்டு மூன்று விநாடிக்குச் சாலை கறுப்பாகத்தான் தெரியும். விபத்துக்கு இடம் கொடுப்பது அந்த விநாடிகள்தான். 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடியில் 22 மீட்டர் ஓடுகிறது. மூன்று விநாடியில் 66 மீட்டர். கடந்துபோன வண்டிக்குப் பின்னாலிருந்து யாராவது சாலையில் இறங்கியிருந்தால், அவர் இருப்பது அந்த 66 மீட்டருக்குள்.

கண்ணுக்குள் நுழையும் கடுமையான ஒளி லென்சில் பட்டுச் சிதறி, விழித்திரை முழுவதும் வெள்ளைத் துணி விரித்ததுபோலப் படர்கிறது. மங்கலாகத் தெரிந்த ஆளும் மாடும் பள்ளமும் அதில் மறைந்துவிடுகின்றன. வயது ஏற ஏற இந்தச் சிதறல் கூடுகிறது, பார்வை மீளும் நேரமும் நீள்கிறது. 60 வயதுக்காரரின் விழித்திரைக்குப் போய்ச்சேரும் ஒளி, 20 வயதில் சேர்ந்ததில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். அவருக்கு வெளிச்சமும் குறைவு, கூச்சமும் அதிகம்.

எதிரே வருபவரை நம்மால் திருத்த முடியாது. ஆனால் கூச்சத்தில் கணிசமான பங்கு நம் கண்ணாடியிலும் நம் பழக்கத்திலும் உருவாகிறது. அதைக் குறைப்பது முழுக்க நம் கையில் இருக்கிறது.

விளக்கையே பார்ப்பது

இருட்டில் ஒரு வெளிச்சம் வந்தால் கண் தானாக அங்கேதான் போகும். பழக்கத்தால்தான் இதை மாற்ற முடியும். ஒளி தெரிந்தவுடனே பார்வையைச் சாலையின் நம் பக்க ஓரக்கோட்டுக்குக் கொண்டுவாருங்கள்; இடப்பக்கம் ஓட்டுபவருக்கு இடது ஓரம், வலப்பக்கம் ஓட்டுபவருக்கு வலது ஓரம். எதிர்வண்டி ஓரக்கண்ணில் தெரிந்தால் போதும். பார்க்கும் திசைக்கும் விளக்குக்கும் இடையே உள்ள கோணம் இரண்டு மடங்கானால், கண்ணுக்குள் படரும் வெண்மை ஏறக்குறைய நான்கில் ஒன்றாகக் குறைந்துவிடும். அதனால் பார்வையைக் கொஞ்சம் நகர்த்தினாலே நிறையப் பலன்.

வண்டி நெருங்கும்வரை வேகத்தைக் குறைக்காமல் வந்து, கண் கூசியதும் சட்டென்று பிரேக் பிடிப்பதும் தவறு. பின்னால் வருபவரும் அதே கூச்சத்தில்தான் இருப்பார். தூரத்தில் இருக்கும்போதே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொள்ளும் பழக்கமும் வேண்டாம். அந்த நேரத்தில் ஒரு பக்கப் பார்வை குறைகிறது, தூரத்தைக் கணிப்பதும் தடுமாறுகிறது.

பதிலுக்கு ஹை பீம் போடுவது

கோபம் நியாயமாக இருக்கலாம். ஆனால் பதிலுக்கு நாமும் ஹை பீம் போட்டால், சாலை தெரியாத இரண்டு பேர் எதிரெதிரே விரைகிறார்கள், அவ்வளவுதான். ஒரே ஒருமுறை டிம் அடித்துக் காட்டுங்கள். அவர் குறைக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். பின்பாரம் ஏற்றியதால் அவருடைய லோ பீமே மேலே தூக்கி அடித்துக்கொண்டிருக்கலாம்.

எதிர்வண்டியின் விளக்கு நேரடியாகத் தெரிந்த பிறகுதான் நாம் டிம் செய்வது என்பதும் தாமதம். மேட்டுக்கு அப்பால், வளைவுக்கு அப்பால் வெளிச்சம் பரவுவது தெரிந்தாலே லோ பீமுக்கு மாறிவிட வேண்டும். முன்னால் போகும் வண்டியை நெருங்கும்போதும் அப்படியே. நம் ஹை பீம் அவருடைய வண்டியின் பின்பார்வைக் கண்ணாடிகள் வழியாக நேரே அவர் கண்ணுக்குப் போகிறது. தானாக ஹை பீமை மாற்றும் கேமரா உள்ள வண்டிகளிலும் விரல் ஸ்விட்ச் பக்கத்தில் இருக்கட்டும். மங்கிய விளக்கோடு வரும் சைக்கிளையும், மேட்டுக்கு அப்பால் இருக்கும் வண்டியையும் அது தவறவிடக்கூடும்.

முன்கண்ணாடியின் உட்புறத்தை மறப்பது

பலரும் வெளிப்புறத்தைத் தினமும் துடைப்பார்கள், உட்புறத்தைத் தொடவே மாட்டார்கள். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் டேஷ்போர்டு பிளாஸ்டிக்கிலிருந்து கிளம்பும் ஆவி கண்ணாடியில் எண்ணெய்ப் படலமாகப் படிகிறது. பகலில் அது கண்ணுக்கே தெரியாது. இரவில் எதிர்வெளிச்சம் பட்டால் கண்ணாடி முழுக்கப் பால் பூத்ததுபோல ஆகிவிடும். சந்தேகம் இருந்தால் இருட்டில் வண்டியை நிறுத்தி, உள்ளேயிருந்து டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். கைரேகை முதல் பழைய துணி இழுத்த கோடு வரை எல்லாம் தெரியும்.

துடைக்க இரண்டு மைக்ரோஃபைபர் துணி வேண்டும். கண்ணாடி சூடாக இருக்கும்போது செய்ய வேண்டாம். திரவம் உடனே காய்ந்து கோடு விழும். கிளீனரைக் கண்ணாடியில் அடிக்காமல் துணியில் அடியுங்கள். ஒரு துணியால் துடைத்து, காய்வதற்குள் இரண்டாவது உலர்துணியால் எடுத்துவிட வேண்டும். உட்புறத்தை மேலிருந்து கீழாகவும் வெளிப்புறத்தைக் குறுக்காகவும் துடைத்தால், மிச்சக் கோடு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பார்த்தவுடன் தெரியும். கண்ணாடியில் ஃபிலிம் ஒட்டியிருந்தால் அம்மோனியா இல்லாத கிளீனரே சரி. டேஷ்போர்டுக்குப் பளபளக்கும் பாலிஷ் போடாதீர்கள். அதன் பிரதிபலிப்பும் முன்கண்ணாடியில்தான் வந்து விழும்.

இத்தனை செய்தும் நட்சத்திரம் சிதறியதுபோலப் புள்ளி புள்ளியாக மின்னினால், அது மணலும் சிறு கல்லும் அடித்த குழிகள். துடைத்துப் போகாது, கண்ணாடியை மாற்றுவதுதான் வழி. மழையில் கோடு விடும் வைப்பர் ரப்பரையும் மாற்றிவிடுங்கள். பைக் ஓட்டுபவர்களுக்கு ஹெல்மெட் வைசரும் இதே கதைதான்: கீறல் விழுந்த வைசர், அதைவிட மோசம் கறுப்பு வைசர்.

மஞ்சள் கண்ணாடியை நம்புவது

'நைட் டிரைவிங்' என்று விற்கும் மஞ்சள் கண்ணாடி கூச்சத்தைக் குறைத்ததுபோல ஓர் உணர்வைத் தரும். ஆனால் அது எதிர்விளக்கின் ஒளியோடு சேர்த்து, இருளில் நிற்பவரிடமிருந்து வரும் கொஞ்சநஞ்ச ஒளியையும் வடிகட்டிவிடுகிறது. 2019இல் வெளியான ஓர் ஆய்வில் 22 பேரை சிமுலேட்டரில் ஓட்டவைத்து, மூன்று வகை மஞ்சள் கண்ணாடிகளைச் சாதாரணத் தெளிந்த கண்ணாடியோடு ஒப்பிட்டார்கள். மஞ்சள் கண்ணாடி போட்டதால் பாதசாரியைக் கண்டுகொள்வது மேம்படவில்லை. போலரைஸ்டு கண்ணாடியும் இரவில் வேண்டாம். பவர் கண்ணாடி அணிபவர்கள் எதிரொளி தடுக்கும் கோட்டிங் உள்ள தெளிந்த லென்சை வாங்குவது பயன் தரும்.

நம் விளக்கைச் சரிபார்க்காமல் விடுவது

ஹாலஜன் பல்பை எடுத்துவிட்டு அதே ஹெட்லைட்டில் எல்இடி பல்பைச் செருகுவது மிகப் பரவலான தவறு. அந்த ரிஃப்ளெக்டர், மெல்லிய இழை ஒன்று குறிப்பிட்ட புள்ளியில் இருப்பதைக் கணக்கிட்டுச் செய்தது. எல்இடி சில்லுகளின் வடிவம் வேறு, ஒளி போகும் திசையும் வேறு. அதனால் கீழே விழவேண்டிய ஒளி எதிரே வருபவரின் முகத்தில் அடிக்கிறது. நமக்கு முன்னால் பத்துப் பதினைந்து மீட்டர் பளிச்சென்று இருக்கும். நம் கண்மணி அந்த வெளிச்சத்துக்குச் சுருங்கி, தூரத்தில் இருப்பது இன்னும் மங்கிப்போகும்.

அடுத்தது விளக்கின் சாய்வு. பெரும்பாலான கார்களில் லோ பீம் ஒரு சதவீத அளவு கீழே சாய்ந்திருக்கும். அதாவது 10 மீட்டருக்கு 10 சென்டிமீட்டர். 70 சென்டிமீட்டர் உயரத்தில் உள்ள விளக்கு அப்படிச் சாய்ந்திருந்தால் அதன் மேல்விளிம்பு 70 மீட்டரில் தரையைத் தொடும். டிக்கியில் பாரம் ஏறி முன்பக்கம் ஒரு டிகிரி தூக்கினால், அதே விளிம்பு 60 மீட்டரில் சுமார் 115 சென்டிமீட்டர் உயரத்துக்குப் போய்விடும். எதிரே காரில் உட்கார்ந்திருப்பவரின் கண் இருப்பது ஏறக்குறைய அந்த மட்டத்தில்தான். இதற்காகத்தான் டேஷ்போர்டில் 0 முதல் 3 வரை உள்ள திருகு. ஓட்டுநர் மட்டும் என்றால் 0; பின்னால் ஆளும் பாரமும் ஏற ஏற எண்ணைக் கூட்டுங்கள்.

சோதிப்பது எளிது. டயரில் காற்று சரியாக இருக்கட்டும், திருகு 0இல் இருக்கட்டும், ஓட்டுநர் இருக்கையில் ஒருவர் உட்கார்ந்திருக்கட்டும். சமதரையில் சுவரை ஒட்டி நிறுத்தி, ஒவ்வொரு விளக்கின் மையத்துக்கும் நேரே சுவரில் டேப் ஒட்டுங்கள். 10 மீட்டர் நேர்ப்பின்னால் போய் லோ பீம் போடுங்கள். வெளிச்சத்தின் கிடைமட்ட மேல்விளிம்பு டேப்பைவிட 10 சென்டிமீட்டர் கீழே இருக்க வேண்டும். சில வண்டிகளில் சரியான சதவீதம் ஹெட்லைட் அருகே ஒட்டிய சிட்டையிலேயே இருக்கும். நம் பக்க ஓரத்தை நோக்கி விளிம்பு மேலேறுவது கோளாறு அல்ல, சாலையோரம் தெரிவதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். விளிம்பு உயர்ந்திருந்தால் விளக்கின் பின்னால் உள்ள திருகாணியை அரைச்சுற்று திருப்பி மறுபடி பாருங்கள்.

வண்டிக்குள் இருக்கும் பின்பார்வைக் கண்ணாடியின் அடியில் ஒரு சிறு நெம்பு உண்டு. அதை மடக்கினால் பின்வண்டியின் ஒளி பெருமளவு மேலே போய்விடும். அது எதற்கு என்றே தெரியாமல் ஆண்டுக்கணக்கில் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். டேஷ்போர்டு, மேப் திரை இரண்டின் வெளிச்சத்தையும் எண் படிக்க முடிகிற அளவுக்குக் குறைத்துவிடுங்கள்.

வேகம்: லோ பீமில், கறுப்பு உடையில் நிற்பவர் பெரும்பாலும் 50 மீட்டருக்குள் வந்த பிறகே தெரிவார். உலர்ந்த சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்க ஏறக்குறைய 68 மீட்டர் வேண்டும், 60 என்றால் 45.

எல்லா விளக்கைச் சுற்றியும் வட்டமோ நீண்ட கீற்றோ தெரிந்தால், அல்லது சென்ற ஆண்டைவிட இந்த ஆண்டு கூச்சம் கூடியிருந்தால், கண் மருத்துவரிடம் போக வேண்டும். கண்புரையும் திருத்தப்படாத சிலிண்டர் பவரும் இப்படித்தான் தலைகாட்டும். பரிசோதனையின்போது கண்மணியை விரிக்கச் சொட்டு மருந்து விட்டால் அதன் விளைவு பல மணிநேரம் இருக்கும்; அன்றிரவு வேறொருவரை ஓட்டச் சொல்லுங்கள்.